மூன்று கூடாரமும் ஒரு பெஞ்சும்

ராணுவ வயர்லெஸ் ஆபரேட்டர் தூரத்தில் இருப்பவனோடு எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பக்கத்தில் இருப்பவனோடு பேசத்தான் அனுமதி வேண்டும். சர்க்கார் வேலையில் குப்பை கொட்டிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

கண்ணெதிரே கப்பல்

எழுபதுகளில், மகாபலிபுரம் கடற்கரையில் முப்படைக் கூட்டுப் பயிற்சி. செங்கல்பட்டுக்காரனான எனக்குச் சொந்த மண்ணில் டியூட்டி, தலைகால் புரியவில்லை! தரைப்படைக் கூடாரத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக நான். அடுத்தது கடற்படை, அதில் ராவ். அதற்கடுத்து விமானப்படை, அதில் தாமஸ்.

கப்பல் எப்போது கரைக்கு வரும் என்று ராவிடம் நேராகக் கேட்கக் கூடாது. கேள்வி என் தலைமையகம் போய், அவன் தலைமையகம் போய், அவனிடம் இறங்க வேண்டும். அதற்குள் இருவரும் சேர்ந்தே டீ குடித்துவிட்டோம். ஒருவழியாகச் செய்தி வந்ததும் ராவ் சொன்னான்: "பதிலை மேலே அனுப்பிட்டேன் பிரதர், உன் கூடாரத்துல போய் வெயிட் பண்ணு."

ஏழுமலையின் வலை

மறுநாள் விமானங்கள் கடலில் புகைக்குண்டு போட்டுப் பழகின. மீனவர்களுக்கு முன்பே சொல்லி, எல்லைக்குக் கொடியும் கட்டியிருந்தோம். காற்று மாறி, ஏழுமலை என்பவரின் கட்டுமரம் கொடியைத் தாண்டி வந்துவிட்டது. நானும் ராவும் பார்த்துவிட்டோம். ஓடிப்போய்ச் சொன்னாலும், மேலிடத்து உத்தரவில்லாமல் தாமஸ் விமானத்தைத் திருப்ப முடியாது. செய்தி ஊரைச் சுற்றி வருவதற்குள் குண்டு விழுந்தது.

ஆள் பிழைத்தார், வலை நார்நாராகிவிட்டது. கிழிந்த வலையோடு வந்து நின்று ஏழுமலை கேட்டார்: "மூணு பேரும் ஒரே கவருமெண்டு சோறுதானே துன்றீங்கோ? பக்கத்து டென்ட்டுக்கு ஒரு கொரலு குடுக்க இன்னா நோவுது?"

ஒரே தளபதி

அந்த வாரமே, மூன்று படைக்கும் ஒரே தளபதியாக ஒரு பிரிகேடியர் வந்தார். வந்ததும் வராததுமாக இரண்டு கூடாரங்களைப் பிரிக்கச் சொல்லி, எங்கள் மூவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். "ஆபத்து என்றால் நீங்களே நிறுத்துங்கள், மேலே நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

அடுத்த பயிற்சியில் மறுபடி காற்று, மறுபடி அதே கட்டுமரம்! "உள்ளே ஆளு!" என்று நான் கத்தினேன். தாமஸ் மைக்கைப் பிடித்து, "போடாதே, மேலே ஏறு!" என்றான். விமானம் விருட்டென்று மேலேறிப் போனது. மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் பெஞ்சின் கால் உடைந்தது. அன்று சாயங்காலம் ஒரு கூடை மீனோடு வந்தார் ஏழுமலை: "இப்பதான் ஒரே வூட்டு ஆளுங்க மாரி கீறீங்கோ. கொழம்பு வச்சித் துன்னுங்கோ. மூணு சட்டியில வக்காதீங்கோ!"

அந்தப் பெஞ்சைப் போட்டுக்கொள்ள மூன்று தலைமையகங்களின் அனுமதியும், பயிற்சி முடிந்து நாங்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்த பிறகு வந்து சேர்ந்தது.