வானத்தில் எரிந்த ஒனா

எங்கள் தெருவில் வாணக்காரர் ஒலி முகம்மதுவைத் தெரியாதவர் கிடையாது. தெருவைத் தாண்டினால் தெரிந்தவர் கிடையாது. தென்காசியைச் சுற்றி ஐம்பதுகளில் நடந்த கோயில் கொடைத் திருவிழாக்களில் பாதிக்கு அவர்தான் வாணவேடிக்கை. ஆனால் அண்ணாந்து பார்க்கிற சனம் வாணத்தைத்தான் பார்க்கும். வயல் நடுவில் பந்தத்தோடு குனிந்து ஓடுகிற மனுசனை யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் எதிர்வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்தேன். கொடை முடிந்த மறுநாள், பொறி பட்டுப் பொத்தல் விழுந்த சட்டையோடு என் முன்னால் வந்து நிற்பார். கிழிசலைத் தைத்துக்கொண்டே முந்தின நாள் கதையைக் கேட்பேன். அப்படித்தான் குத்துக்கல்வலசைக் கொடையில் நடந்த சங்கதியும் தெரிந்தது.

அங்கே அந்த வருசம் இரண்டு செட் வாணம் பேசியிருந்தார்கள். ஒன்று இவருடையது. இன்னொன்று திருவேங்கடத்துக்காரர் சங்கிலிப்பாண்டியுடையது. இவர் விட்ட பச்சை வாணம் மேலே போய் வெடித்து, மழை மாதிரி இறங்கியிருக்கிறது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று, "சங்கிலிப்பாண்டின்னா சங்கிலிப்பாண்டிதாம்லே!" என்று கத்தியிருக்கிறது.

இவர் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எதிரே தங்கள் வீட்டு வாசல் நடைக்குள் நின்று கேட்ட அவர் மனைவி நாச்சியார் சிரிக்கவில்லை. மருந்து அரைப்பதும் குழாய் சுருட்டுவதும் திரி முறுக்குவதும் அந்த அம்மாள்தான். அந்தப் பச்சை அவளுடைய பச்சை.

"சிரிக்குதீயளே! நாம அரைச்சி நாம சுத்தி, பேரு மட்டும் அவனுக்கா?"

அன்று சாயங்காலம் அச்சாபீஸ் அகமது கபீர் வந்தார். ஒலி முகம்மதுவுக்கு ஒன்றுவிட்ட மச்சான். ஊரில் ஓடுகிற நோட்டீஸ் எல்லாம் அவர் அச்சாபீஸில் அடித்ததுதான். விசயத்தைக் கேட்டதும் அவருக்குச் சூடு ஏறிவிட்டது.

"பீடிக்கு மார்க் இருக்கு. சோடாவுக்கு மார்க் இருக்கு. தீப்பெட்டிக்குக்கூட மார்க் இருக்கு மச்சான். ஒமக்கு என்ன இருக்கு?"

"சோடா பாட்டில் கையில நிக்கும், மார்க்கை ஒட்டலாம். எஞ் சாமான் மேல போயி அணைஞ்சிரும். எங்கனவே ஒட்டுறது?"

உள்ளேயிருந்து நாச்சியார்தான் பதில் சொன்னாள். "மேலயே ஒட்டுங்க!"

அப்படிப் பிறந்ததுதான் எழுத்து வாணம். இரண்டு ஆள் உயரத்துக்கு மூங்கில் சட்டம். அதில் ஒவ்வொரு எழுத்தையும் வளைத்துக் கட்டி, வளைவு நெடுக மத்தாப்புக் குழாய்களை நெருக்கமாகச் சொருகி, ஒரே திரியால் இணைப்பது. ஒரு முனையில் தீ வைத்தால் 'ஒலி முகம்மது, தென்காசி' என்று முழுசும் எரிய வேண்டும். கபீர் தரையில் கரித்துண்டால் எழுதிக் காட்ட, நாச்சியார் அதன்மேல் மூங்கில் பிளாச்சுகளை வைத்து வளைத்துக் கட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண். ஆனால் கபீர் வரைந்த சுழியைவிட அவள் கட்டின சுழி அழகாக இருந்ததை நானே பார்த்தேன்.

ஆடி மாதம், வீரகேரளம்புதூரில் கொடை. கபீரும் நானும் பஸ் ஏறிப் போனோம். பொழுது அடைந்ததும் வாணம் தொடங்கியது. சக்கரம், பூவாணம், அவுட்டு எல்லாம் முறையாக நடந்தன. கடைசி அவுட்டு வெடிக்கும்போது மேற்கே மலைப்பக்கமிருந்து சாரல் வந்துவிட்டது. பெரிய மழை இல்லை, ஊசி ஊசியாக. இதற்குள் ஒலி முகம்மது சட்டத்துக்குத் தீ வைத்துவிட்டார்.

'ஒ' பிடித்தது. அதன் சுழியில் தொடங்கிய வெள்ளைத் தீ வளைந்து மேலே ஏறி, சுற்றி இறங்கி, வால்வரை வந்தது. 'லி' இரண்டு பொறி விட்டு அணைந்தது. மற்ற எழுத்துகள் இருட்டிலேயே கிடந்தன. திரி நனைந்துவிட்டது.

"போச்சு," என்றார் கபீர்.

ஆனால் கூட்டத்தில் ஒருவரும் கலையவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தனை முகத்திலும் வெள்ளை வெளிச்சம். சாரலில் நனைந்த புகை மேலே போக முடியாமல் அந்த எழுத்தைச் சுற்றியே தங்கிவிட்டது. ஒவ்வொரு தூறலும் வெள்ளி முள்ளாக மின்னி மின்னி விழுந்தது. கறுத்த வயலுக்கு மேலே, எதன்மேலும் நிற்காமல், அந்த ஒற்றைச் சுழி தானாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்ற மாடத்தி என்கிற கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். "சங்குல்லா அது," என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், "சங்கு எங்கன இருக்கு? நல்லாப் பாரு, பாம்பு சுருண்டு கெடக்கு," என்றார். யாரோ ஒருத்தி குலவை போட, பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். நான் தையற்காரன், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், அது ஒனா என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது.

ஒலி முகம்மது தலை குனிந்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு வந்தார். கொடை கமிட்டித் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், கடைசியா ஒரு சுழி போட்டீரே! வார வருசமும் அது வேணும். அது இல்லாம நீரு வரப்பிடாது."

பேர் எழுதப் போய் அதில் ஓர் எழுத்துதான் மிஞ்சியது. அந்த ஓர் எழுத்து அவரைத் தூக்கிவிட்டது. கபீர் உடனே வட்டத்துக்குள் ஒனா வைத்து மரத்தில் பிளாக் செதுக்கச் சொல்லி, நோட்டீஸ் தலைப்பில் அடித்தார். 'ஒனா பாய்' என்று கேட்டுக்கொண்டு, நாங்கள் பேர்கூடக் கேட்டிராத ஊர்களிலிருந்து ஆள் வந்தது. மற்ற எழுத்துகளுக்காகக் கட்டின சட்டத்தை நாச்சியார் பிரித்து அடுப்புக்கு விறகாக்கிவிட்டாள்.

மூன்று நாலு வருசம் இப்படிப் போனது. ஒருநாள் கபீர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "சங்கிலிப்பாண்டி திருவேங்கடம் பக்கத்துல ஒனா போடுதானாம்!"

"அவன் பேரு சானாவுலல்லா ஆரம்பிக்கும்?" என்றார் ஒலி முகம்மது. அவருக்கு நிசமாகவே புரியவில்லை.

"நான் வாரேன்," என்றாள் நாச்சியார். "நேருக்கு நேரா கேக்கணும்."

அதுவரை அவள் எந்தக் கொடைக்கும் போனதில்லை. தலைமுக்காட்டை இறுக்கிக்கொண்டு, நாலு பேராகப் பஸ் ஏறினோம். திருவேங்கடத்துக் கரிசல் காட்டில் மரம் மட்டை இல்லை. வானம் தரைவரைக்கும் இறங்கிக் கிடந்தது. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தோம். சங்கிலிப்பாண்டியின் வாணம் ஒவ்வொன்றுக்கும் நாச்சியார் ஒரு குறை சொன்னாள். கடைசியில் விளக்கையெல்லாம் அணைத்தார்கள். ஒனா எரிந்தது.

நாச்சியார் முட்டிபோட்டு எம்பிப் பார்த்தாள். நான் ஒலி முகம்மதுவைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தார். கண்ணில் அந்தச் சுழி இரண்டாக எரிந்தது. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இம்புட்டுப் பெருசா இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லியே!"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சட்டத்துக்குப் பின்னால நிப்பேன். திருப்பிப் போட்ட எழுத்தும் புகையுந்தான் எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் நானும் பாக்கேன்."

வாணம் முடிந்து, யாரோ சொல்லி, சங்கிலிப்பாண்டி ஓடி வந்தார். முகமெல்லாம் கரி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணாச்சி, களவாண்டேன்னு நெனைக்காதிய. நான் எம் பேரைத்தான் போட்டுப் பாத்தேன். சனம் எந்திரிக்க மாட்டேங்கி. சுழி எங்கன, சுழி எங்கனன்னு கேக்காவ. அது எரிஞ்சாத்தான் கொடை முடிஞ்சிதுன்னு வீட்டுக்குப் போறாவ. நான் என்ன செய்ய?"

கபீர் கோர்ட்டு, கேசு என்று ஆரம்பித்தார். ஒலி முகம்மது அவரைக் கையமர்த்தினார். "சாரல் வந்தா திரிய எப்படி நனையாம வைப்பீரு?" என்று சங்கிலிப்பாண்டியிடம் கேட்டார். இரண்டு பேரும் சட்டத்தடியில் குந்திவிட்டார்கள். நாங்கள் பஸ்ஸைத் தவறவிட்டோம்.

கபீர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 'அசல் ஒனா' என்று நோட்டீஸ் அடித்துப் பார்த்தார். அந்தக் காகிதத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஒலி முகம்மதுவுக்கு வர வேண்டிய சில ஊர்கள் சங்கிலிப்பாண்டிக்குப் போயின. வராத சில ஊர்கள் வந்தன. மார்க் வந்தது நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அறுபத்திரண்டோ மூன்றோ, குற்றாலத்தில் நல்ல சீசன். குளித்துவிட்டு, செண்பகாதேவி அருவிக்குப் போகிற ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போய் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தோம். நானும் ஒலி முகம்மதுவும் நாச்சியாரும். பொழுது மசங்கியது. கீழே இலஞ்சிப் பக்கம், வயல்களுக்கு நடுவே, விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளை ஒனா எரிந்தது. சற்று நேரத்தில் அதற்கும் அப்பால் இன்னொன்று, கடுகளவு. அன்றைக்கு ஒலி முகம்மதுவுக்கு வேலை இல்லை. சங்கிலிப்பாண்டியோ ராசபாளையம் போயிருந்தார்.

ஒலி முகம்மது எழுந்து நின்றே விட்டார். "யாரு கட்டினதோ, நல்லாக் கட்டிருக்கான்," என்றார்.

நாச்சியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வால் மட்டும் கொஞ்சம் கோணல்," என்றாள்.