இரண்டு சூடு

என் ஸ்கூட்டர் சாவி என் கணவரின் சட்டைப்பைக்குப் போனதற்குக் காரணம் நான்தான். பள்ளி விட்டு வரும் வழியில், கிரிவலப் பாதையில், வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். வண்டி ஓர் இளநீர்க் குவியலில் ஏறி நின்றது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இளநீர்க்காரர் திட்டவில்லை. ஒரு காயைச் சீவி என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் அடி அண்ணாமலையில் கணக்கு டீச்சர். வீடு வேங்கிக்காலில். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. இத்தனை காலம் என் குறட்டையைக் கேலி செய்துகொண்டிருந்த கணவர் அந்தத் தாளைப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. டாக்டர் சிபாப் மிஷின் எழுதிக் கொடுத்தார். காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு பெட்டி, ஒரு நீளக் குழாய், மூக்கில் மாட்ட ஒரு மாஸ்க். பெட்டிக்குள் சின்னத் தண்ணீர்த் தொட்டி. காற்றில் ஈரம் எவ்வளவு, குழாயில் சூடு எவ்வளவு என்று நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

"ராத்திரி முழுக்க மாஸ்க்கோட தூங்கணும்மா. எவ்ளோ நேரம் போட்டிருந்தீங்கன்னு மிஷினே பதிஞ்சு வச்சுக்கும். அதப் பாத்துட்டுதான் வண்டி ஓட்டலாமா வேணாமானு சொல்வேன்" என்றார் டாக்டர்.

அதுவரை கணவரின் பைக்கில் பின் சீட்டு. அவருடைய ஆபீஸ் நேரத்துக்கு ஏற்ப, கேட் திறப்பதற்கு முன்பே என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். பூட்டிய கேட்டுக்கு முன்னால் சாப்பாட்டுப் பையோடு நிற்பதை நான் வெறுத்தேன். எனக்கு என் வண்டி வேண்டும். அதற்கு நான் தூங்க வேண்டும்.

மிஷினைப் பொறுப்பெடுத்துக்கொண்டது அவர்தான். "உனக்கு சைனஸ். ஈரக் காத்து உள்ள போனா சளி பிடிச்சுக்கும்" என்று ஈரத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டார். விடிந்தால் தொண்டை காய்ந்து பேச்சே வராது. மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் ரத்தம். தூக்கத்தில் எப்போது மாஸ்க்கைக் கழற்றி எறிந்தேன் என்று எனக்கே தெரியாது.

கைக்குட்டையைப் பார்த்ததும் தீர்ப்புச் சொன்னார். "உடம்புல சூடு ஜாஸ்தி ஆயிடுச்சு."

எங்கள் ஊரில் எந்த வியாதிக்கும் முதலில் சொல்வது சூடுதான். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். இளநீர் வந்தது, அதே ஆளிடமிருந்து. கூடவே மிஷினுக்கும் வைத்தியம் நடந்தது. குழாயின் சூட்டை அடியோடு குறைத்தார், ஈரத்தை உச்சத்துக்கு ஏற்றினார். தொட்டியில் மண்பானைத் தண்ணீரை ஊற்றி, அதில் கொஞ்சம் வெட்டிவேரும் போட்டார். "குளிர்ச்சி" என்றார்.

வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது கார்த்திகைப் பனிக் காலம், மேலே ஃபேன் வேறு. குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு ஹூக்கா மாதிரி களகளவென்றது. மூக்குக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மறுபடியும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்திருந்தேன்; விடிந்து பார்த்தால் அது மேஜைமேல் இருந்தது.

டாக்டர் மிஷின் கணக்கைப் பார்த்தார். "பாதி ராத்திரிகூடப் போடலையேம்மா. இப்படியே போனா வண்டிய மறந்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மிஷினைச் சாப்பாட்டு மேஜைக்குத் தூக்கி வந்தேன். எனக்குக் கோபம் உச்சந்தலையில் இருந்தது. வெட்டிவேரை எடுத்து வெளியே போட்டேன். தொட்டியின் அடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"ஏங்க, உடம்புச் சூடு வேற, குழாய்ச் சூடு வேற. ஒண்ணுக்குப் பாக்கற வைத்தியத்த இன்னொண்ணுக்குப் பாத்திருக்கீங்க."

"காத்து சூடா வந்தா மூக்கு இன்னும் காயாதா?"

அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. மூடியை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்தேன். தண்ணீர் வடிந்தது. "ஆவி ஜில்லுனு இருக்கற எடத்துல பட்டா தண்ணியாயிடும். குழாய் வெதுவெதுப்பா இருந்தா ஈரம் ஈரமாவே மூக்குக்கு வரும். அப்புறம் ஈரம், சூடு ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க. எது சரியாச்சு, எது கெட்டுச்சுனு எப்படித் தெரியும்?"

பத்தாம் வகுப்புக்குச் சொல்லும் குரலிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் தலையாட்டினார்.

மெடிக்கலில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தார். ஈரத்தை நடுவில் வைத்து, சூட்டை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்த்தோம். குழாயில் தண்ணீர் கோத்தாலும் பெட்டிக்கே திரும்பி வடியட்டும் என்று, பெட்டியைத் தலைமாட்டு மேஜையிலிருந்து கட்டில் மட்டத்துக்குக் கீழே ஒரு முக்காலிக்கு இறக்கினோம். குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டேன். ஒரு நாள் காலை கண் விழித்தபோது மாஸ்க் முகத்திலேயே இருந்தது. மூக்கு காயவில்லை, சொட்டவும் இல்லை. பிறகு அது வழக்கமாகிவிட்டது. வகுப்பில் கொட்டாவி வருவது நின்றது.

டாக்டர் சம்மதம் சொன்ன மறுநாள், கணவர் தன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அன்றைக்கு மட்டும் தானும் வருவதாகச் சொன்னார்.

"எதுக்கு?"

"சும்மாதான். ஸ்கூல் வரைக்கும். அங்கேர்ந்து ஷேர் ஆட்டோல வந்துடறேன்."

என்மேல் நம்பிக்கை இல்லை என்று எரிச்சலாக இருந்தது. ஏறிக்கொண்டார். "முழிச்சிருக்கியா?" என்று கேட்டார். "ஓட்டிக்கிட்டுதான இருக்கேன்" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். ஹாரனை அடித்தேன்.

இளநீர்க் கடையைத் தாண்டியபோது அவர் குரல் வரவில்லை. ஹெல்மெட் என் முதுகில் டொக்கென்று முட்டியது. கூப்பிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மாஸ்க்கைக் கழற்றி எறிந்தபோதெல்லாம் விடியுமுன் அதை எடுத்துத் துடைத்து வைத்தது யார் என்று நான் கேட்டதே இல்லை. இத்தனை நாளும் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு அவர் படுத்திருந்திருக்கிறார். என் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் அழுகைதான் வந்தது.

ஒரு கையைப் பின்னால் விட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினேன். எழுப்பவில்லை. அன்று நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி மணி அடித்து வெகு நேரம் ஆகியிருந்தது.