முதுகில் இருந்ததை மறைத்தேன்

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தபோது எனக்குத் தலைப்பிரசவம். காலையில் தொடங்கிய நோவு மதியத்துக்குள் தாங்க முடியாமல் போனது. முதுகில் ஊசி போட்டால் நோவு குறையும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் சம்மதித்தேன்.

"முதுகில முன்னம் காயம் ஏதும் பட்டதா?" சிங்கள வைத்தியர் கேட்டதைக் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த தமிழ் நேர்ஸ் தமிழில் சொன்னார்.

"இல்லை, மிஸ்ஸி" என்று பொய் சொன்னேன். தழும்பைக் கண்டாலே புலியென்ற சந்தேகத்தில் பொலிஸ் பிடித்துச் செல்லும் காலம் அது.

என்னைக் குனிந்திருக்கச் சொல்லி முதுகைத் தடவிய வைத்தியரின் விரல் தழும்பில் வந்து நின்றது.

"பயப்படாம சொல்லுங்க தங்கச்சி. உள்ளுக்கு ஏதும் இருக்கா?" என்றார் நேர்ஸ்.

"ஓம். ஷெல் துண்டு. எடுக்கேலாது எண்டு விட்டிட்டினம்" என்று அழுதேன்.

வைத்தியர் ஊசியைக் கீழே வைத்தார். துண்டு எந்தப் பக்கம், கால் எப்போதாவது மரத்ததா என்றெல்லாம் கேட்டார். யாரையும் கூப்பிடவில்லை. தழும்பைத் தவிர்த்து, சற்று மேலே ஊசி ஏற்றினார்.

முதுகில் குளிர்ச்சி இறங்கியது. கால்கள் கனத்தன. சிறிது நேரத்தில் நோவு போய் அழுத்தம் மட்டுமே மிஞ்சியது. சொன்ன நேரத்தில் முழு மூச்சாக முக்கினேன். மகள் வீரிட்டு அழ, நான் சிரித்தேன். "ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் பாராட்டி வைத்தியர் கைதட்டினார்.

இப்போது எந்த வைத்தியரிடம் போனாலும் ஷெல் துண்டைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன். மகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்திலும் சொன்னேன். அந்த வைத்தியர் சிரித்துவிட்டார்.