விளக்கின் முன் இருந்த ஸ்பேனர்

மெர்டேக்கா என்று மலாய் மொழியில் முழங்கிய ஆண்டில் நாடு விடுதலையானது. என் பழைய பட்டாள ஜீப்பின் இன்ஜினும் போல்ட்டு நட்டுகளிடமிருந்து விடுதலையானது. காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அதைப் பிரித்து, புது பிஸ்டன் வளையம் போட்டு, திரும்ப ஜீப்பில் ஏற்றிவிட்டேன். மேல்மூடியின் போல்ட்டுகளை முறுக்குவதுதான் பாக்கி. அதற்குள் ஆயுத பூசை வந்தது. மனைவி என் ஸ்பேனர்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து விளக்கின் முன் அடுக்கினாள். மறுநாள் காலை வரை தொடக்கூடாது. என் சோம்பேறித்தனத்துக்குச் சாமியே லீவு கொடுத்ததாக மகிழ்ந்தேன்.

மத்தியானம் மைத்துனன் ரப்பர் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்து நின்றான்.

"மச்சான், அம்மாவுக்கு மூச்சு முட்டுது. மழையில செம்மண் ரோட்டுக்கு எந்த காடியும் வரமாட்டேங்குது. ஜீப்ப எடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்."

எதற்கும் சிரிக்கிற நான் விளக்கின் முன் ஸ்பேனருக்குக் கை நீட்டினேன். நீட்டிய கை திரும்பி வந்தது. மனைவிதான் குங்குமத்தோடு ஸ்பேனரை எடுத்து என் கையில் திணித்தாள்.

"சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன். நீங்க முறுக்குங்க."

முறுக்கினேன். பக்கத்துக் கம்போங் செட்டி கிராமத்து ஆட்கள் வந்து தள்ளினார்கள். இருமி இருமி நின்ற ஜீப் சாயங்காலம்தான் கிளம்பியது. போய்ச் சேர்ந்தபோது மாமியாருக்கு ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. வாசலில் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து திரும்பும்போது இன்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை. அவ்வளவு அருமையாக வேலை பார்த்திருந்தேன்!

இப்போதும் ஆயுத பூசைக்கு ஸ்பேனர்களை அவள்தான் அடுக்குகிறாள். அன்று என் கையில் திணித்த அந்த ஒன்றை மட்டும் வெளியே விட்டுவிடுகிறாள். சாமியிடம் பேசினாளா என்று நான் கேட்டதே இல்லை.