முள் தெரிகிற அளவுக்கு வெளிச்சம்

மாமாவின் ஒஸ்ரின் காரில் பழுதாகாத பொருள் குறைவு. பின்கதவொன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஹோர்ன் தான் நினைத்த நேரத்தில் மட்டும் ஒலித்தது. இருக்கைப் பஞ்சில் பாதியை எலிகள் கொண்டுபோயிருந்தன. இவை எதுவும் மாமாவைத் தொந்தரவு செய்யவில்லை. ஸ்ரியறிங்குக்கு முன்னால் வேகமும் எண்ணெயும் வெப்பமும் காட்டுகிற முள்கள் இருக்கும் டாஷ்போட்டில் விளக்கு எரியவில்லை என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

அது போர்க்காலம், எங்கள் பக்கத்தில் மின்சாரமே இல்லை. பெற்றோல் இல்லை. ரோச் லைற்றுக்குப் போடுகிற பற்றரிகூடக் கொண்டுவரத் தடை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு, கைப்பிடி போட்டுச் சுற்றி, பிறகு மண்ணெண்ணெயில்தான் கார்கள் ஓடின. குடாநாடு முழுவதும் இருட்டில் கிடக்க, உள்ளங்கையளவு தட்டொன்றுக்கு வெளிச்சம் வேண்டுமென்று மாமா ஒற்றைக்காலில் நின்றார்.

நாங்கள் பலாலிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, உரும்பிராயில் மாமாவின் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மாமா என் அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தார். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டுவது மட்டும்தான். ஊரில் இருந்த மெக்கானிக் வன்னிக்குப் போய்விட்டதால், வேறு வழியில்லாமல் தானே இறங்கினார். மாமிக்கு அப்போது ஏழு மாதம்.

"தம்பி, உனக்கென்ன விசரே? கண்டறியாத லைற். ஹெட்லைற் போட்டாலே ஹெலிக்காரன் அடிக்கிறான். உள்ளுக்கை லைற் எரிஞ்சு ஆருக்கு என்ன?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியவேணும் அக்கா" என்றார் மாமா.

டாஷ்போட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தார். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே நீண்டு கிடந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்று முனகினார். நான் ஓடிப்போய்ச் சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிவந்து, வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தேன். மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நல்ல பிள்ளை. அப்பிடியே பிடி, ஆட்டாதை" என்றார். அன்றிலிருந்து அந்த வேலையில் எனக்கும் பங்கு வந்தது. அம்மா தலை சீவக் கண்ணாடி தேடி அலைந்தாள்.

முதலில் பல்புகளைக் கழற்றி நேரே பற்றரியில் பிடித்துப் பார்த்தோம். இரண்டில் ஒன்று எரிந்தது, மற்றது செத்திருந்தது. நல்லதைத் திரும்பப் போட்டபோது அதுவும் எரியவில்லை. ஆகவே குறை பல்பில் மட்டும் இல்லை. வெளி விளக்குகள் எரிந்தபடியால் பியூஸ் போகவில்லை என்பதும் தெரிந்தது. காரின் முன்பக்கத்திலிருந்து இன்னொரு பல்பைக் கழற்றி, அதற்கு இரண்டு வயர்களைக் கட்டினார் மாமா. ஒரு முனையைக் காரின் இரும்பில் வைத்து, மறு முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். பல்ப் எரிந்தால் அந்த இடம்வரை மின்சாரம் வருகிறது. எரியாத இடத்தில் தேட வேண்டும். இவ்வளவு எளிதான வித்தையை ஏன் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டாஷ்போட் விளக்கின் சுவிச்சுக்குள் மின்சாரம் போனது, வெளியே வரவில்லை. சுவிச்சைப் பிரித்தபோது உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினோம். அந்தப் பட்டப்பகலில் எரிகிறதா இல்லையா என்று பார்க்க முடியவில்லை. மாமா வெங்காயம் மூடுகிற பெரிய படங்கைக் கொண்டுவந்து காரின் மேலே போர்த்தினார். நானும் அவரும் உள்ளே உட்கார்ந்தோம். மத்தியான வெயிலில் படங்குக்குள் புழுக்கம் தாங்க முடியவில்லை. மாமா சுவிச்சை இழுத்தார். வேகமானியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு எழும்பியது. நான் கூவினேன். மாமா கூவவில்லை.

"வெப்பம் காட்டுற முள்ளுக்கு வெளிச்சம் வரேல்லை. அது அடுத்த பல்ப்" என்றார்.

"அப்ப இந்தப் பல்பை அதிலை போடுவமே?"

"ரெண்டும் வேணும். ஒண்டு நூந்தாலும் மற்றது எரியவேணும்."

எங்கள் ஊருக்குக் கிட்ட இருந்த திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் அந்தப் பல்ப் கிடைக்கவில்லை. கொடிகாமத்தில் ஒருவர் வளவில் இதே மாதிரிப் பழைய காரொன்றின் கோது கிடக்கிறது என்று யாரோ சொல்ல, மாமா விடியச் சைக்கிளில் வெளிக்கிட்டார். பொழுது சாயும் நேரம், முழங்கால்வரை செம்மண் தூசியோடு திரும்பிவந்தார். சட்டைப் பையிலிருந்து பஞ்சுச் சுருளொன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு பல்ப். கொய்யாக் கொட்டையைவிடச் சற்றுப் பெரிது என்று அப்பா பிறகு கேலி செய்தார். மாமா சிரிக்கவில்லை. அதைப் பற்றரியில் பிடித்துப் பார்த்து, எரிந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

இந்த நாட்களில் மாமி காரின் பக்கம் வரவேயில்லை. கிணற்றடிக்குப் போவதற்குக் கார் நின்ற கொட்டில் வழிதான் கிட்ட. அவ வீட்டைச் சுற்றி மற்றப் பக்கத்தால் போவா. எங்களுக்குத் தேத்தண்ணி தருவதென்றாலும் குசினி வாசலிலிருந்தே கூப்பிடுவா. மண்ணெண்ணெய் மணம் பிடிக்காதாக்கும் என்று நான் எண்ணினேன்.

இரண்டு பல்பும் எரிந்தன. எஞ்சினை இயக்கியதும் இரண்டும் நூந்தன. நிறுத்தினால் எரிந்தன. மாமா கொஞ்ச நேரம் ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தார். இனிப் போதும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். நிமிர்ந்து, "குலுங்கேக்கை விடுது. எங்கையோ வயர் அரைகுறையாத் தொங்குது" என்றார். பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டுப் பார்த்தார். முள்களின் பின்பக்கம் அவருடைய கை போகவில்லை. என் கை போனது. விரலால் ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் வழுவழுப்பு முடிந்து கீறியது.

"மாமா, இஞ்சை ஒண்டு வெறும் கம்பியாக் கிடக்கு."

"இழுக்காதை! மெல்லமா என்ரை பக்கம் தள்ளு."

எலி கடித்து, சில இழைகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது அந்த வயர். மாமா அதை முறுக்கி இணைத்து, சைக்கிள் ரியூபில் வெட்டிய துண்டால் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டினார். மறுபடி படங்கு. மறுபடி கைப்பிடி. எஞ்சின் உறுமியது, கார் நடுங்கியது, இரண்டு பொட்டுகளும் அசையாமல் நின்றன. மாமா இறங்கி, குசினிப் பக்கம் பார்த்து,

"இஞ்சரும், ஒருக்கா வந்து பாரும்" என்று கூப்பிட்டார்.

மாமி வாசலிலேயே நின்றா. அவர் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. காத்துக்கொண்டு நின்றார். நெடுநேரத்தின் பின் மாமி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்ல நடந்துவந்து, படங்கை விலக்கித் தலையை உள்ளே நீட்டினா.

"முள்ளுத் தெரியுதோ?"

"ஓம். தெரியுது."

அவ்வளவுதான் கதைத்தார்கள். இத்தனை பாட்டுக்கு மாமி இன்னும் கொஞ்சம் மெச்சியிருக்கலாம் என்று எனக்கு மனவருத்தம்.

ஒரு மாலை, விளக்கு வைத்து வாசலில் திருநீறு பூசிக்கொண்டிருந்த நேரத்தில் மாமிக்குப் பிரசவ நோ கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக மாமியோடு அம்மாவும் பின்னால் ஏறினாள். இருண்டுகொண்டு வந்தது. ஹெட்லைற் போடாமல் கார் படலை தாண்டிப் போனது. நானும் அப்பாவும் ஒழுங்கையில் நின்றோம். காரின் கண்ணாடிக்குள் மாமாவின் நாடியில் ஒரு மங்கல் மஞ்சள் வெளிச்சம் விழுந்திருந்தது.

திருநெல்வேலிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வெப்பமுள் ஏறத் தொடங்கியதாம். மாமா உடனே நிறுத்தி, அருகிலிருந்த வீட்டில் தண்ணீர் வாங்கி, எஞ்சின் ஆறும்வரை நின்று, பிறகு எடுத்தாராம். மறுநாள் அம்மா வந்து, பெண் பிள்ளை என்றும் தாயும் பிள்ளையும் சுகம் என்றும் சொன்னாள்.

அதற்கு முந்திய வருடம், நாங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னர், இதே காரில், இதே பாதையில், இதேபோன்ற இருட்டில் மாமா மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். டாஷ்போட்டில் விளக்கில்லை. எஞ்சின் கொதித்துக்கொண்டு போனதை அவர் காணவில்லை. நடுவழியில் அது இறுகி நின்றுவிட்டது. மாட்டு வண்டியொன்று பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. இதை அம்மா எனக்குச் சொன்னது நான் பிள்ளை பெறப் போன காலத்தில்தான்.

மாமி குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, எல்லோரும் குழந்தை யாரின் சாயல் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. கூட்டத்துக்குள் புகுந்து மாமியின் சேலையைப் பிடித்து,

"மாமி, எங்கடை லைற் வழி முழுக்க எரிஞ்சதோ?" என்று கேட்டேன்.

மாமி குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னை இழுத்து மடியில் என் முகத்தைப் புதைத்து வைத்துக்கொண்டு அழுதா. அவவின் அழுகையில் என் தலை குலுங்கியது. மாமா எழும்பி வெளியே போனார்.

வழியில் எங்கேயோ லைற் நூந்துபோயிருக்கிறது, என் மனம் நோகும் என்று மறைக்கிறார்கள் என எண்ணினேன். மாமியின் பிடி தளர்ந்ததும் சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கார்க் கொட்டிலுக்கு ஓடினேன்.