கரீமின் கேபிளில் பிழையில்லை

மயிலாப்பூரில் மருந்துக்கடையில் நின்றிருந்தபோது கரீமின் மகள் அழைத்தாள். "அங்கிள், அத்தா காலையில போயிட்டாரு" என்றாள். மாத்திரைகளை எண்ணிப் பார்த்து வாங்குகிறவன் நான். அன்று கவரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அடையாறு ஆய்வகத்தில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

முதல் விண்மீன்கள் தம் ஒளியால் பிரபஞ்சத்தின் ஹைட்ரஜனை அயனியாக்கத் தொடங்கிய காலத்தைத் தேடினோம். அந்த ஹைட்ரஜன் விட்ட ரேடியோ அடையாளம், வரைபடத்தில் ஒரு சிறு பள்ளமாக, பால்வீதியின் இரைச்சலுக்கு அடியில் மங்கலாகக் கிடக்கிறது. ஆன்டெனாவைக் கட்டியது திருவல்லிக்கேணிக்காரரான கரீம். இரைச்சலைக் கழிக்கும் கணக்கு என்னுடையது.

தினமும் அவர் முதலில் ஆன்டெனாவின் கேபிளை டேப் வைத்து அளப்பார். கேபிளுக்குள் அலை எதிரொலித்தால், அதன் நீளத்துக்கேற்ப வரைபடத்தில் போலிப் பள்ளங்கள் விழும். அவற்றைக் கழிக்க அந்த நீளத்தை நான் கணக்கில் போட வேண்டும். "வானம் சொல்றது அப்பறம் நைனா. மொதல்ல கேபிள் இன்னா சொல்லுதுன்னு பாரு" என்பார்.

ஒருநாள், நாங்கள் தேடிய இடத்திலேயே ஒரு பள்ளம் தெரிந்தது. மூன்று முறை கணக்கிட்டேன், அப்படியே இருந்தது. கட்டுரை வெளியாயிற்று, பாராட்டுகள் வந்தன. சில வாரங்கள் கழித்து கரீம் தன் நோட்டுடன் என் மேசைக்கு வந்தார். அந்தப் பள்ளம் தெரிவதற்கு முன்பே எலி கடித்த கேபிளை மாற்றி, புதிய நீளத்தைத் தேதியோடு எழுதியிருந்தார். மூன்று முறையும் நான் பழைய நீளத்தையே போட்டிருந்தேன். புதியதைப் போட்டதும் பள்ளம் மறைந்துவிட்டது.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் காரணம் எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போது என் பதவி உயர்வு பரிசீலனையில் இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

"கருவியில கோளாறுன்னு போடு சேவியரு. நான் எப்பவும் ரிப்பேர்க்காரன்தான். ஒனக்கு இருக்கிறது கணக்கு ஒண்ணுதான், அதயும் உட்டுட்டு இன்னா பண்ணுவ?"

அப்படியே போட்டேன்.

பின்னர் பெரிய தொலைநோக்கி ஒன்றுக்குக் குழு அமைத்தபோது கரீமின் பெயர் வந்தது. அவருடைய கேபிள் ஒருமுறை காலை வாரிவிட்டதே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவரை எடுக்கவில்லை. அதை அவர் என்னிடம் கேட்கவே இல்லை. கடைசியாகப் பார்த்தபோதுகூட, "அந்தப் பள்ளம் வேற யாருக்காச்சும் கெடச்சுதா?" என்று மட்டும் விசாரித்தார்.

இந்த வயதில் உண்மையைச் சொல்வதில் துணிச்சல் எதுவுமில்லை. இழப்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. பிழை கணக்கில் இருந்தது, கணக்கு என்னுடையது.

அவர் மகளிடம் கேட்டு அந்த நோட்டை வாங்கிவந்தேன். கேபிளின் நீளம் அதில் அவர் கையெழுத்தில் சரியாக இருக்கிறது. யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்.