சிரட்டை வைத்திருப்பவர் கதைக்கலாம்

மணியும் பரீட்சையும் இல்லாத பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவருக்கு, நாளில் பாதி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் போகும். மீதிப் பாதி, இதுவும் பள்ளிக்கூடம்தான் என்று ஊருக்குச் சொல்லிக் கொடுப்பதில் போகும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட மற்றவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். அரசாங்கப் பள்ளியில் இருபது வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு, கால் நீட்டி இருக்க வேண்டிய வயதில், மூதூரிலிருந்து சம்பூர் போகும் வழியில் ஒரு இரண்டு ஏக்கர் தோட்டத்துக்குள் வந்து விழுந்தவள் நான்.

பதினெட்டுப் பிள்ளைகள், தமிழும் முஸ்லிமும் கலந்து. பாத்தி கட்டுவது, விதை போடுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர்கள்தான். பெற்றோர் முறைவைத்து வந்து ஒரே குசினியில் எல்லோருக்கும் சமைப்பார்கள். பிள்ளைகள் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே எனக்கு இந்தச் சலுகை கிடைக்கும்?

வாசலில் வந்தவர்

ஒரு நாள் காலை சைக்கிளில் வந்த அம்மா ஒருவர் வேலிக்கு வெளியே நின்று பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்வமாக இருக்கிறார் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, விளக்கத் தொடங்கினேன். பிள்ளை மண்ணைத் தொட்டுப் படிக்கும்போது என்ன நடக்கிறது, பரீட்சைப் பயம் ஒரு பிள்ளையை என்ன செய்கிறது, ஒரு சமூகம் தன் சாப்பாட்டைத் தானே விளைவித்தால் எப்படி இருக்கும் என்று அரை மணித்தியாலம் போனது.

அவர் ஒரு முறைகூடக் குறுக்கே பேசவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இப்படி ஒருவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு மனம் நிறைந்துபோனது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “எல்லாம் சரி தங்கச்சி, விக்கிறதுக்குக் கத்தரிக் கண்டு இருக்கோ இல்லையோ?”

சாம்பல் வாளி

கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர், தண்ணீரே தேவைப்படாத மலசலகூடம் ஒன்றுக்குப் படம் கீறிக் கொடுத்தார். போய் முடித்ததும் ஒரு சிரட்டை சாம்பல் போட்டால் போதும், ஆறு மாதத்தில் செடிக்குப் போடப் பசளை. கிணறு வற்றும் காலத்தில் இதைவிட என்ன வேண்டும்? நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். ஊருக்கே அண்ணன் முறையான மேசன் இஸ்மாயில் காக்கா ஒன்றும் சொல்லாமல் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கழித்தும் சாம்பல் வாளி வைத்தபடியே நிறைந்திருந்தது. பதினெட்டுப் பிள்ளைகளும் பின்னேரம் ஆனதும் ஏன் வீட்டுக்கு ஓட்டமாக ஓடுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கழுவத் தண்ணீர் இல்லாத இடத்துக்கு எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை போகும்? காக்காவைத் திரும்பவும் கூப்பிட்டோம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நான் கோபித்துக்கொள்ள, அவர் அமைதியாகச் சொன்னார்: “படத்தில சாம்பலுக்கு வாளி கீறியிருக்கு, தண்ணிக்கு வாளி கீறல்ல. படிச்ச ஆக்கள் நீங்க, என்னமோ யோசிச்சிருப்பீங்க எண்டு நினைச்சன்.”

மிளகாய்க் கொப்பி

நஸ்ராவுக்குப் பத்து வயது. பழைய பள்ளியில் எழும்பி நின்று வாசிக்கும்போது திக்கியதற்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் என்றால் வயிற்று வலி. வீட்டில் வாய் ஓயாதாம். எங்களிடம் வந்து பத்து மாதமாகியும் ஒரு சொல் பேசவில்லை.

அவளுடைய வாப்பா நிஸ்தார் மூதூரில் ஓட்டோ ஓடுகிறவர், நன்றாகக் கதைக்கக்கூடியவர். வியாழன்தோறும் வந்து மகளின் கொப்பியைக் கேட்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே மிளகாய்ச் செடியின் படம். இலைகளில் புள்ளி புள்ளியாக ஏதோ கிறுக்கல். இந்தப் படிப்புத் தவணை முடியும்வரை பார்ப்பேன், பிறகு பழைய பள்ளியிலேயே சேர்த்துவிடுவேன் என்றார். அங்கே போனால் அவள் திரும்பவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் கேட்டார்: “இது மிளகாக் கண்டு, சரி. இத வெச்சி எந்த வகுப்பில சேர்க்கிற, டீச்சர்?”

சிரட்டை

எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரு பிள்ளையைப் பற்றிய எந்த முடிவும் திங்கட்கிழமை எல்லோரும் சுற்றி உட்காரும் வட்டத்தில், அந்தப் பிள்ளையையும் வைத்துக்கொண்டுதான். வட்டத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை சுற்றி வரும். அதை வைத்திருப்பவர் மட்டும் கதைக்கலாம், மற்றவர் வாய் திறக்க ஏலாது. நேரக் கணக்குக் கிடையாது. மணியை எதிர்க்கிற ஆர்வத்தில் நானே போட்ட விதி அது. பத்து மாதமும் நஸ்ரா சிரட்டையை வாங்கிய கையோடு பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள்.

தவணை முடிந்தது. நிஸ்தார் தேய்த்த சேட் போட்டுக்கொண்டு வட்டத்துக்கு வந்தார். சிரட்டை கைக்கு வந்ததும் தொடங்கினார். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய வருடத்தோடு தன் படிப்பு ஒன்பதாம் வகுப்பில் நின்றதைச் சொன்னார். எழுதி முடித்த கொப்பி ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை, மகளிடமாவது இருக்க வேண்டும் என்றார். அதோடு முடித்திருக்கலாம். ஓட்டோ, ரோட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். குசினியிலிருந்து கருகல் வாசம் வந்தது. அன்றைய சமையல்முறைக்காரியும் வட்டத்தில்தான் இருந்தார். எழும்பவும் மாட்டாமல், சொல்லவும் மாட்டாமல் என்னைப் பார்த்தார். நான் விதியைப் பார்த்தேன்.

நஸ்ரா எழும்பி வாப்பாவுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

“வாப்பா, கதைச்சது காணும். சிரட்டையத் தாங்க. பருப்பு கரியிது.”

சமையல்முறைக்காரி ஓடினார். நிஸ்தார் சிரட்டையைக் கொடுத்துவிட்டார். நஸ்ரா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திக்கித் திக்கி, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள். அங்கே போனால் வயிறு நோகும், இங்கேதான் வருவாள். தன் செடியில் ஒவ்வொரு கிழமையும் எத்தனை பூ, அதில் எத்தனை காயானது, எத்தனை உதிர்ந்தது என்று எல்லாம் இலைக்குள்ளே எழுதியிருக்கிறாளாம். வாப்பாவும் நானும் படத்தை மட்டும்தான் பார்த்தோமாம்.

கொப்பியைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். புள்ளி என்று நான் நினைத்ததெல்லாம் பொடிப்பொடியாக எழுதிய எண்கள். கடைசிப் பக்கத்தில் நூற்றுவீதம்கூடப் போட்டிருந்தாள். இருபது வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு வெட்கமாக இருந்தது. நிஸ்தார் பக்கம் பக்கமாக விரல் வைத்துக் கடைசிவரை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொப்பியை மகளிடமே கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்: “நான் ஒரு மணித்தியாலம் கதைச்சபடியாத்தான் புள்ள வாய் தொறந்திருக்கா. அதையும் எங்கயாவது எழுதி வைங்க, டீச்சர்.”

இப்போது எங்கள் வட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று புது விதி இருக்கிறது, அது நிஸ்தாருக்காகப் போட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, உண்மையில் போட்டது, இப்போது சிரட்டையை வாங்கினால் கீழே வைக்காத நஸ்ராவுக்காக.